மரம் எந்தத் துறையின் வேலை?

(நகர நிர்வாகமும் மக்கள் நல்வாழ்வும் என்ற பொருளில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குத் தந்த தலைப்பு மிகப் பெரியது. ஒரு மணி நேரத்தில் அதை முழுவதும் பேசி முடிக்க என்னால் ஆகாது. ஆகவே அதை ஒரே கேள்வியாகச் சுருக்கிக்கொள்கிறேன். ஒரு தெருவில் மரம் நட வேண்டும். மாநகராட்சியில் அது எந்தத் துறையின் வேலை? யாரைக் கேட்டாலும் பூங்காத் துறை என்பார்கள். தடுப்பூசி போடுவது, கொசுப்புழு ஒழிப்பது, பிறப்பு இறப்பைப் பதிவு செய்வது, காய்ச்சல் முகாம் நடத்துவது ஆகியவை சுகாதாரத் துறையின் வேலைகள். மரம் என்பது நகரத்துக்கு அழகு, சாலைக்கு அலங்காரம். அதிகாரிகள் மட்டுமல்ல, நாமும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறோம்.

இந்தப் பாகப்பிரிவினை சரியில்லை என்பது என் கட்சி. ஒரு நகரத்தில் எந்தத் தெருவுக்கு முதலில் மரம் வேண்டும் என்று சொல்லத் தகுந்தவர் அந்த நகரத்தின் சுகாதார அதிகாரிதான். இதற்குச் சாட்சியாக நியூயார்க், அகமதாபாத், சென்னை என்று மூன்று மாநகராட்சிகளை அழைக்கிறேன்.

முதலில் நியூயார்க். 1850-களில் அந்த நகரத்துப் பெல்வியூ மருத்துவமனையில் ஸ்டீபன் ஸ்மித் என்றொரு இளம் அறுவை மருத்துவர் இருந்தார். டைபஸ் காய்ச்சல் பரவிய காலம் அது. வார்டுகள் நிரம்பி வழிந்தன. அவர் ஒருநாள் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். அதில் எல்லோரும் பார்ப்பது பெயரையும் வயதையும் நோயையும். அவர் முகவரியைப் பார்த்தார். நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகள் ஒரே கட்டடத்திலிருந்து வந்திருந்தார்கள். நேரே அந்தக் கட்டடத்துக்குப் போனார். கதவு சன்னல்கள் உடைந்து கிடந்தன, அடித்தளத்தில் கழிவுநீர் தேங்கி நின்றது, தரையில் வைக்கோல் பரப்பி ஏழைக் குடியேறிகள் படுத்திருந்தார்கள். உரிமையாளரோ வசதியான மனிதர். சீர்செய்யச் சொன்னால் முடியாது என்றார். அவரைக் கட்டாயப்படுத்த அன்றைக்கு ஒரு சட்டமும் இல்லை. ஸ்மித் பத்திரிகை ஆசிரியர் ஒருவரிடம் போய் முறையிட்டார். பெயர் பத்திரிகையில் வந்துவிடும் என்ற பயத்தில்தான் அந்த உரிமையாளர் கட்டடத்தைச் சுத்தம் செய்தார்.

அதோடு ஸ்மித் நிறுத்திக்கொள்ளவில்லை. நகரம் முழுவதையும் வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு மருத்துவரை அனுப்பி, வீடு வீடாக ஒரு சுகாதாரக் கணக்கெடுப்பு நடந்தது. அதன் அறிக்கை 1865-இல் வந்தது. அதன் வலுவில் 1866-இல் நியூயார்க் பெருநகருக்கென அதிகாரமுள்ள சுகாதார வாரியம் அமைந்தது. பின்னர் ஸ்மித்தும் அதன் ஆணையர்களில் ஒருவரானார். 1872-இல் அமெரிக்கப் பொது சுகாதாரச் சங்கத்தைத் தொடங்கி, அதன் முதல் தலைவராகவும் இருந்தார்.

இனி நம் கதைக்கு வருவோம். இறப்புக் கணக்கைப் பார்த்தபோது இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது. வெயில் ஏறும்போதெல்லாம் குழந்தைகளின் சாவு ஏறியது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நெருக்கமான தெருக்களில் கைக்குழந்தைகள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். 1870-களின் தொடக்கத்தில் அவர் ஒரு யோசனை சொன்னார். நகரின் தெருக்களில் வரிசையாக மரம் நட வேண்டும், வெப்பத்தைக் குறைக்க அதுவே வழி என்றார். கவனியுங்கள், சொன்னவர் தோட்டக்கலை நிபுணர் அல்லர். சுகாதார வாரியத்தில் இருந்த ஒரு மருத்துவர், இறப்புப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது.

அன்றைக்கு அது எடுபடவில்லை. ஆனால் அவர் விடவில்லை. 1897-இல் நகரத்தில் மரம் நடுவதற்கென்று ஒரு சங்கம் உருவானதில் அவருக்கும் பங்கு உண்டு. 1899-இல், கோடை வெப்பத்துக்குத் தாவரமே மருந்து என்று வாதிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல். கடைசியில் 1902-இல் சட்டம் திருத்தப்பட்டுத் தெருமரங்களுக்கு ஒரு பொறுப்பான துறை கிடைத்தது. எந்தத் துறை? பூங்காத் துறை! சுகாதாரத்தின் பெயரால் முப்பது ஆண்டு கேட்டு வாங்கிய மரம், கடைசியில் பூங்காவின் கணக்கில் போய்ச் சேர்ந்தது. நான் குறையாகச் சொல்லவில்லை. மரம் வளர்க்கத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள். ஆனால் அதன்பிறகு மரத்தையும் மரணத்தையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் நகராட்சிகளிடமிருந்து நழுவியது.

ஸ்மித் சொன்ன எல்லாமே சரி என்று நான் வாதிட மாட்டேன். அந்தக் காலத்து வைத்திய அறிவில், கெட்ட காற்றுதான் நோய் தரும் என்ற நம்பிக்கை பாதி கலந்திருந்தது. அன்றைய குழந்தைகள் பெரும்பாலும் வெப்பத்தில் கெட்ட பாலாலும் அசுத்தமான தண்ணீராலும் வந்த வயிற்றுப்போக்கில் இறந்தார்கள். பின்னாளில் குழந்தைகளைக் காப்பாற்றியதில் சுத்தமான தண்ணீருக்கும் காய்ச்சிப் பதப்படுத்திய பாலுக்கும் உள்ள பங்கு மரத்துக்கு இல்லை. ஆயினும் வெப்பமே மனிதனைக் கொல்லும், அதுவும் ஏழையின் தெருவில் முதலில் கொல்லும் என்று அவர் கண்டது இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது.

நூறு ஆண்டுகளைத் தாண்டி 2007-க்கு வருகிறேன். மைக்கேல் புளூம்பெர்க் மேயராக இருந்தபோது, பத்தாண்டுகளில் பத்து லட்சம் மரம் நடுவது என்று நியூயார்க் நகரம் அறிவித்தது. பத்து லட்சம், ஒரு கோடி என்ற அறிவிப்புகள் நமக்குப் புதியவை அல்ல. இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது அந்த எண்ணிக்கை அல்ல. முதலில் கவனிக்க வேண்டிய இடங்கள் என்று ஆறு பகுதிகளை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். கிழக்கு ஹார்லெம், ஹண்ட்ஸ் பாயிண்ட், மாரிசானியா, கிழக்கு நியூயார்க், ஸ்டேபிள்டன், ஃபார் ராக்கவே. எந்த அடிப்படையில் தெரியுமா? ஒன்று, அங்கே தெருமரங்கள் குறைவு. இரண்டு, ஆஸ்துமா வந்து மருத்துவமனையில் சேரும் குழந்தைகள் அங்கே அதிகம். ஹண்ட்ஸ் பாயிண்டில் நகரத்துக்கே உணவு வழங்கும் மொத்தச் சந்தை இருக்கிறது. லாரிகள் ஓயாமல் வந்து போகும் இடம். மருத்துவமனைச் சேர்க்கைக் கணக்கையும் மரக் கணக்கையும் ஒரே மேசையில் வைத்து எடுத்த முடிவு இது. ஸ்மித் முகவரியைப் பார்த்தாரே, அதே வேலைதான். 2015-இல், குறித்த காலத்துக்கு இரண்டு ஆண்டு முன்பே, பத்து லட்சமாவது மரத்தை நட்டார்கள்.

மரம் நட்டதும் ஆஸ்துமா குறைந்துவிட்டதா என்று கேட்பீர்கள். இங்கேதான் நாம் நிதானமாக இருக்க வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தெருமரம் அதிகமுள்ள பகுதிகளில் நான்கைந்து வயதுக் குழந்தைகளிடம் ஆஸ்துமா குறைவாக இருந்தது என்று அது சொன்னது. மரம் நடுவோருக்கு மகிழ்ச்சி. ஆனால் மருத்துவமனைச் சேர்க்கையில் அப்படி ஒரு தொடர்பு உறுதிப்படவில்லை என்பதையும் அதே கட்டுரை சொன்னது. 2013-இல் அதே குழுவினர் இன்னோர் ஆய்வை வெளியிட்டார்கள். தாயின் வயிற்றில் இருந்த காலத்தில் மரநிழல் அதிகமுள்ள பகுதியில் இருந்த குழந்தைகளுக்கு ஏழு வயதில் ஆஸ்துமாவும் மகரந்த ஒவ்வாமையும் சற்று அதிகம் என்று அது காட்டியது. ஒரே நகரம், ஒரே குழு, எதிரெதிரான முடிவுகள். ஆகவே மரம் சர்வரோக நிவாரணி என்று மேடையில் முழங்குவதை விட்டுவிடுவோம். எந்த மரம், எந்த இடம், எந்த நோய் என்று கேட்க வேண்டும். மருந்துச் சீட்டு எழுதும் மருத்துவர் கேட்கும் கேள்விகள் இவை. பூங்காத் துறையைத் தனியே விட்டுவிடக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெப்பத்தைப் பொறுத்தவரை அந்தக் குழப்பம் இல்லை. மரம் இரண்டு வழியில் குளிர்விக்கிறது. வெயிலைத் தலையிலும் தார்ச்சாலையிலும் சுவரிலும் விழாமல் மேலேயே தடுக்கிறது. வேர் உறிஞ்சிய நீரை இலை வழியே ஆவியாக்கி, சுற்றியுள்ள காற்றின் சூட்டைக் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. வறண்ட ஊரில் இரண்டாவது வழியும் நன்றாக வேலை செய்யும். சென்னை போன்ற புழுக்கமான கடற்கரை ஊரில் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால், முதல் வழியான நிழலுக்கே மதிப்பு அதிகம். வியர்வை ஆறாத ஊரில் நேர்வெயில் மேலே படாமல் இருந்தாலே உடம்புக்குப் பாதி பாரம் இறங்கும்.

இந்த அறிவை நியூயார்க் எப்படி நிர்வாகமாக்கியது என்பதைச் சொல்லி அந்த நகரத்தை விட்டுவிடுகிறேன். அங்கே சுகாதாரத் துறை வெப்பத்தால் எந்தப் பகுதிக்கு எவ்வளவு ஆபத்து என்று ஒரு குறியீடு வைத்திருக்கிறது. தரையின் வெப்பம், பசுமையின் அளவு, வருமானம், வீட்டில் குளிர்சாதனம் உண்டா இல்லையா என்பன போன்றவற்றைச் சேர்த்து, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுகிறார்கள். 2017-இல் 10.6 கோடி டாலரில் ஒரு வெப்பத் தணிப்புத் திட்டம் அறிவித்தபோது, 8.2 கோடி டாலர் தெருமரங்களுக்கு ஒதுக்கப்பட்டது. அந்த மரங்கள் ஆபத்து மிகுந்த தென் பிராங்ஸ், வட மன்ஹாட்டன், நடு புரூக்ளின் பகுதிகளுக்கே என்று முடிவானது. குழி வெட்டியது பூங்காத் துறைதான். எங்கே வெட்டுவது என்று காட்டியது சுகாதாரத் துறையின் வரைபடம். ஸ்டீபன் ஸ்மித் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இரண்டாவது சாட்சி அகமதாபாத். 2010 மே மாதம் அங்கே வெயில் 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. வெயிலில் விழுந்து இறந்தவர்கள் என்று பதிவேட்டில் எழுதப்பட்டவர்கள் சிலரே. மற்றவர்களுக்கு மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு, முதுமை என்று காரணம் எழுதியிருந்தது. ஆய்வாளர்கள் வேறு வழியில் கணக்குப் போட்டார்கள். முந்தைய ஆண்டும் பிந்தைய ஆண்டும் அதே மே மாதத்தில் எத்தனை பேர் இறந்தார்கள், இந்த மே மாதத்தில் எத்தனை பேர் என்று ஒப்பிட்டார்கள். 1,344 பேர் அதிகமாக இறந்திருந்தார்கள். ஒரு நகரத்தில், ஒரே மாதத்தில். பிறப்பு இறப்புப் பதிவேடு மாநகராட்சியின் கையில் இருந்ததால்தான் இந்தக் கணக்கு சாத்தியமானது.

அதன் பிறகு 2013-இல் அகமதாபாத் மாநகராட்சி ஒரு வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது. தெற்காசியாவிலேயே ஒரு நகரம் வகுத்த முதல் திட்டம் அது. இவ்வளவு டிகிரி என்றால் மஞ்சள் எச்சரிக்கை, இவ்வளவு என்றால் ஆரஞ்சு, இதற்கு மேல் சிவப்பு. சிவப்பு வந்துவிட்டால் கைப்பேசிக்குச் செய்தி போகும், மருத்துவமனையில் பனிக்கட்டிப் பொதிகள் தயாராகும், தண்ணீர்ப் பந்தல்கள் திறக்கும். மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் பச்சிளங்குழந்தைகளின் வார்டு மொட்டைமாடிக்கு நேர்கீழே மேல்தளத்தில் இருந்தது. அதைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். வெப்பத்தால் பாதிக்கப்பட்டு அனுமதிக்கப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. மருந்தும் இல்லை, கருவியும் இல்லை, தளம் மாறியதுதான். இந்தத் திட்டத்தால் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 உயிர்கள் தப்பியிருக்கலாம் என்று 2018-இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இந்தியாவின் மற்ற நகரங்கள் பார்த்து எழுதிய முன்மாதிரி அது.

கை தட்டலாம். ஆனால் அதே நகரத்தின் இன்னொரு கணக்கையும் பாருங்கள். இந்திய வன ஆய்வு நிறுவனம் 2021-க்கான அறிக்கையில் ஏழு பெருநகரங்களின் பசுமைப் பரப்பை 2011-ஓடு ஒப்பிட்டது. அகமதாபாத்தில் அது ஏறத்தாழ 18 சதுர கிலோமீட்டரிலிருந்து 9.4 சதுர கிலோமீட்டராகச் சுருங்கியிருந்தது. கிட்டத்தட்ட பாதி போய்விட்டது. சுகாதாரத் துறை உலகம் மெச்சும் வெப்பத் திட்டம் வகுத்த அதே பத்தாண்டுகளில், அந்த ஊர் தன் நிழலில் பாதியை இழந்தது. ஒரு துறை எச்சரிக்கை விடுத்துக்கொண்டிருந்தது, இன்னொரு பக்கம் கோடரி விழுந்துகொண்டிருந்தது. துறைகள் தனித்தனியே நன்றாக வேலை செய்தாலும் நகரம் தோற்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

இனி மூன்றாவது சாட்சியான நம்முடைய சென்னை. 1688-இல் தொடங்கிய மாநகராட்சி, இந்தியாவிலேயே பழமையானது. 2011-இல் எல்லை விரிந்தபோது அது 426 சதுர கிலோமீட்டர், 15 மண்டலங்கள், 200 வார்டுகளாக அமைந்தது. அதே வன ஆய்வு அறிக்கையில் சென்னையின் கணக்கு நம்பிக்கை தருவதாகவே இருக்கிறது. 2011-இல் 18 சதுர கிலோமீட்டராக இருந்த பசுமைப் பரப்பு 2021-இல் 22.7 சதுர கிலோமீட்டராக உயர்ந்தது. நகரப் பரப்பில் அது 5 சதவீதத்துக்குச் சற்று மேல். கூடியது நல்லதே. ஆனால் சராசரி என்பது யாருடைய தலைமேலும் நிழல் தராது. கிண்டி தேசியப் பூங்கா, ஐ.ஐ.டி. வளாகம், அடையாறு தியாசபிகல் சொசைட்டித் தோட்டம் ஆகிய எல்லாமே அந்தக் கணக்கில் அடக்கம். தண்டையார்பேட்டையிலோ ராயபுரத்திலோ நண்பகலில் மீன்கூடையோடு பேருந்துக்கு நிற்கும் பெண்ணுக்குக் கிண்டியில் இருக்கும் ஆலமரத்தால் என்ன பயன்? நகரத்தின் பசுமை எவ்வளவு என்பது முதல் கேள்விதான். அது யாருடைய தெருவில் இருக்கிறது என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

அண்மைக் காலத்தில் மியாவாக்கி காடுகள் என்று அடிக்கடி கேள்விப்படுகிறோம். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வகுத்த முறை. மண்ணைப் பக்குவப்படுத்தி, அந்த மண்ணுக்குரிய மரவகைகளை நெருக்கமாக நட்டு, முதல் இரண்டு மூன்று ஆண்டு பராமரித்தால், பிறகு அது தானே காடாகும் என்பது கணக்கு. சென்னை மாநகராட்சி 2020-இல் கோட்டூர்புரத்தில் குப்பை கொட்டிக் கிடந்த ஓர் இடத்தை அப்படி மாற்றியது. பறவைக்கும் பூச்சிக்கும் நிலத்தடி நீருக்கும் அது நல்லது. நான் எதிர்க்கவில்லை. ஆனால் வேலி போட்ட சிறுகாட்டுக்குள் யாரும் பேருந்துக்குக் காத்திருப்பதில்லை, ரேஷன் வரிசை நிற்பதில்லை, தள்ளுவண்டி நிறுத்துவதில்லை. மக்கள் நல்வாழ்வு என்ற நோக்கில் பார்த்தால், ஓர் ஏக்கர் காட்டையும் ஒரு தெருவில் முப்பது மரத்தையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

தெருமரம் ஏன் நிலைக்கவில்லை என்பதை 2016 டிசம்பர் 12 நமக்குக் காட்டியது. வார்தா புயலில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மடகாஸ்கரிலிருந்து வந்த செம்மயிற்கொன்றை, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த தூங்குமூஞ்சி என்று அயல் மரங்கள் ஏராளமாக விழுந்தன. அயல் மரம் என்பதால்தான் விழுந்தது என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. விழுந்த மரங்களின் அடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கேபிளுக்குத் தோண்டி வேரை வெட்டியிருக்கிறோம், இன்னொரு பக்கம் மழைநீர் வடிகால் கட்டி வேரைத் தடுத்திருக்கிறோம், மீதி இரண்டு பக்கமும் அடிமரத்தோடு ஒட்டிச் சிமெண்ட் பூசியிருக்கிறோம். அந்த நிலையில் நம்மூர் வேம்பும் விழத்தான் செய்யும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமெண்ட் இருக்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இலேயே தில்லிக்கு உத்தரவிட்டது. அந்த ஒரு மீட்டர் மண்ணை நம் தெருக்களில் தேடிப் பாருங்கள்.

இதே சென்னையின் சுகாதாரத் துறையைப் பாருங்கள். சுமார் 140 நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. 2023 ஜூனில் தமிழ்நாடு முழுவதும் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டபோது சென்னைக்கும் பங்கு வந்தது. வீட்டு மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் அனோபிலிஸ் ஸ்டீஃபன்சி என்ற கொசுதான் இந்த நகரத்துக்கு நெடுங்காலம் மலேரியா தந்தது. அதைத் தேடி வீட்டு மாடி ஏறும் பணியாளர்கள் இருக்கிறார்கள். 2020-இல் கொரோனா வந்தபோது தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் நடத்திக் காட்டினார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடிப் போகிறது. எந்தச் சந்தில் தகரக் கூரையின் கீழ் ஒரு முதியவர் படுக்கையில் கிடக்கிறார், எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், யாருக்குச் சிறுநீரகம் பழுது என்பது நம் செவிலியருக்குத் தெரியும். ஸ்டீபன் ஸ்மித் பதிவேடு புரட்டிக் கண்டுபிடித்த முகவரிகள் இங்கே தினமும் நடந்து போய்ப் பார்க்கும் முகவரிகள். இவ்வளவு தகவலும் ஒரு துறையில் இருக்க, அதைக் கேட்காமலே இன்னொரு துறை கன்று நடும் இடங்களை முடிவு செய்கிறது. அதுவும் பெரும்பாலும் எப்படி? எங்கே காலி இடம் இருக்கிறதோ அங்கே, எங்கே விழா மேடை போட வசதியோ அங்கே.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் கிடைக்க வழி பிறந்தது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் அது இறந்த பின் தருவது. இறக்காமல் இருக்கத் தருவது தண்ணீரும் ஓய்வும் நிழலும். 2003 மே கடைசியில் 45 டிகிரியைப் பார்த்த நகரம் இது. அடுத்த முறை வரும்போது நம்மிடம் என்ன இருக்கும்?

சரி, என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அதிகாரிகள் இருக்கிறீர்கள், தவறென்றால் திருத்துங்கள்.

முதலாவது, நடும் இடத்தின் பட்டியலைச் சுகாதார அதிகாரி தயாரிக்கட்டும். மார்ச் முதல் ஜூன் வரை வார்டு வாரியாக அன்றாட இறப்புக் கணக்கு, புறநோயாளிப் பிரிவுக்கு மயக்கத்தோடும் வாந்தியோடும் வந்தவர்களின் முகவரி, செயற்கைக்கோள் காட்டும் தரை வெப்பம் ஆகிய மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் நூறு தெருக்கள் தானே மேலே வரும். அந்தத் தெருக்களிலும் பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, அங்கன்வாடி, சந்தை, சுகாதார நிலைய வாசல் என்று மனிதர்கள் காத்து நிற்கும் இடங்களுக்கே முன்னுரிமை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் முன்னால் நோயாளிகள் வெயிலில் வரிசை நிற்பதைப் போல ஒரு முரண் வேறில்லை.

இரண்டாவது, நட்ட எண்ணிக்கையைச் சொல்வதை நிறுத்திவிட்டு, பிழைத்த எண்ணிக்கையைச் சொல்லப் பழக வேண்டும். நியூயார்க்கில் 1999 முதல் 2003 வரை நட்ட மரங்களில் 13,405 மரங்களைச் சில ஆண்டு கழித்துத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். 74.3 சதவீதம்தான் உயிரோடு இருந்தது. பணமும் ஆளும் உள்ள ஊரிலேயே நான்கில் ஒன்று போய்விட்டது. ஆனால் போனது என்று அவர்களுக்குத் தெரிந்தது. ஏன் போனது என்றும் தெரிந்தது. போக்குவரத்து மிகுந்த சாலையில் நட்டவை அதிகம் செத்தன, குடியிருப்போர் கவனித்துக்கொண்டவை அதிகம் பிழைத்தன. பத்து ஆண்டுக்கு ஒருமுறை தெருமரக் கணக்கெடுப்பும் நடத்துகிறார்கள். 2015-இல் 2,200-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் தெருத்தெருவாகப் போய் உதவ, 6,66,134 மரங்களை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து வரைபடத்தில் ஏற்றினார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை போட்டு, இந்த வாரம் வரவில்லையே என்று வீடு தேடிப் போகும் செவிலியர் நம்மிடம் இருக்கிறார். கன்றுக்கும் அப்படி ஓர் அட்டை வேண்டும். நட்ட தேதி, தண்ணீர் விட்ட தேதி, முதல் கோடை, இரண்டாம் கோடை, மூன்றாம் கோடை. மூன்றாம் கோடை தாண்டிய பிறகே அதை மரம் என்று கணக்கில் எழுத வேண்டும். ஒப்பந்ததாரருக்கும் கடைசித் தவணைப் பணத்தை அப்போதுதான் தர வேண்டும்.

மூன்றாவது, மரவகை. அகலமான சாலைக்கு வேம்பு, புங்கன், மருது, நாவல், இலுப்பை. குறுகலான தெருவுக்குப் பூவரசு, மகிழம். உப்புக்காற்றைப் பூவரசும் புங்கனும் தாங்கும். ஆலும் அரசும் குளக்கரைக்கும் மைதானத்துக்கும் உரியவை. அவற்றை எட்டடி நடைபாதையில் நட்டுவிட்டுப் பிறகு வெட்டுவது இரட்டைப் பாவம். சீக்கிரம் வளர்கிறது என்பதற்காக மட்டும் எதையும் நடாதீர்கள். மகரந்தத்தால் மூச்சுத் திணறல் வருமா என்று ஒரு மருத்துவரையும் கேட்டுவிட்டு நடுங்கள்.

நான்காவது, வேருக்கு இடம். வடிகால் கட்டும் பொறியாளரும் மின்வாரியமும் கேபிள் போடுவோரும் குழி தோண்டுமுன் மரத்தின் எண்ணைக் குறிப்பிட்டு அனுமதி வாங்கட்டும். மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளைகளை மட்டும் கழித்து மரத்தைச் சாய வைப்பதை விட்டு, கிளை கழிக்கும் வேலையைப் பயிற்சி பெற்ற ஆளிடம் ஒப்படைக்கட்டும்.

ஆட்சேபங்கள் வரும். மரம் இருந்தால் சருகு விழும், பறவை எச்சமிடும், கடையின் பெயர்ப் பலகை மறையும் என்பார்கள். உண்மைதான். கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். வாடிக்கையாளர் வண்டியை எங்கே நிறுத்துகிறார்? நிழலில்தானே? இன்னொரு ஆட்சேபம் இன்னும் கனமானது. மரம் வளரப் பத்து ஆண்டு ஆகும், அடுத்த கோடைக்கு என்ன செய்வது? அதற்குப் பந்தல் போடுங்கள், கூரைக்கு வெள்ளை அடியுங்கள், தண்ணீர் வையுங்கள், வேலை நேரத்தை மாற்றுங்கள். அகமதாபாத் செய்தவையெல்லாம் உடனடியாகச் செய்யக்கூடியவை. ஆனால் பந்தலை ஆண்டுதோறும் போட்டுப் பிரிக்க வேண்டும். மரத்தை ஒருமுறை சரியாக நட்டால் நம் பேரன் காலத்துக்கும் நிற்கும்.

நம் மண்ணுக்கு இது புதிய யோசனையும் அல்ல. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டபோது, சாலையோரம் மரமும் வழியில் சத்திரமும் சேர்த்தே அமைத்தார். நடந்து வருபவன் மயங்கி விழாமல் ஊர் போய்ச் சேர வேண்டும் என்ற ஒரே நோக்கம்தான் எல்லாவற்றுக்கும். எது எந்தத் துறை என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. துறைகளைப் பிரித்தது நாம். பிரித்ததைச் சேர்க்கும் பொறுப்பும் நம்முடையதே.

இதற்குச் சட்டம் திருத்த வேண்டியதில்லை, புதிய வாரியம் அமைக்க வேண்டியதில்லை. மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு ஒரு பட்டியல் போனால் போதும். அதைப் போகவைக்க வேண்டியது நாம். தமிழ்நாட்டு நகரங்களில் இப்போது வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன. சாலை, சாக்கடை, தெருவிளக்கு பற்றி அங்கே கேட்கிறோம். அடுத்த பகுதி சபைக்குப் போகும்போது உங்கள் மன்ற உறுப்பினரிடம் இன்னும் மூன்று கேள்விகள் கேளுங்கள். சென்ற கோடையில் நம் வார்டில் எத்தனை பேர் இறந்தார்கள், அவர்கள் எந்தத் தெருக்காரர்கள்? மூன்று ஆண்டுக்கு முன் இங்கே நட்ட கன்றுகளில் இன்றைக்கு எத்தனை உயிரோடு இருக்கின்றன? இந்த ஆண்டு நடப்போகும் இடங்களைச் சுகாதார அதிகாரி பார்த்து ஒப்புதல் தந்தாரா? முதல் முறை பதில் வராது. இரண்டாம் முறை கோப்பைத் தேடுவார்கள். மூன்றாம் முறை கேட்பீர்கள் என்று தெரிந்துவிட்டால், பதிலைத் தயாராக வைத்திருப்பார்கள்.